வளைக்குள் அரை லிட்டர் தண்ணீர்: அந்த வரியை எடுங்க ரவி

வளைதேடி:
தென்னாப்பிரிக்காவோட வட குவாசுலு-நேட்டால்ல பபூன் சிலந்தி (மண்ணுல வளை தோண்டி வாழுற பெரிய ஆப்பிரிக்க டரன்டுலா) பார்க்கப் போறவங்களுக்குன்னு சாட்ஸ்வொர்த் ரவி ஒரு குறிப்பு போட்டிருக்கார். போற வழி, தங்குற இடம் எல்லாம் சரி. நடுவுல ஒரு வரி: "வளைக்குள்ள அரை லிட்டர் தண்ணி ஊத்துங்க, ரெண்டு நிமிஷத்துல சிலந்தி தானா மேல வந்துடும்." அதுக்குப் பாராட்டு வேற குவியுது. படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது.

கணக்கு போடுங்க. வளர்ந்த பெண் சிலந்தியோட வளை வாய் 2.5 சென்டிமீட்டர், ஆழம் 40 சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். முழு வளையும் கொள்றதே ஏறக்குறைய 200 மில்லி. நீங்க ஊத்தச் சொல்றது அதுல ரெண்டரை மடங்கு. மணல் வளையைத் தாங்கி நிறுத்துறது உள்ளே பூசியிருக்கிற நூல் உறைதான். தண்ணி இறங்கினா உறைக்குப் பின்னாடி இருக்கிற மண் கரையும், உறை மடிஞ்சு சிலந்தி மேலயே விழும். அப்புறம் எங்கே "தானா மேல" வர்றது? அது மூச்சு விடுற புத்தக நுரையீரல் நாலும் வயித்துக்கு அடிப்பக்கம், சேறு முதல்ல அப்புற இடத்துல இருக்கு.

சாட்ஸ்வொர்த்_ரவி:
ஐயா, என் குறிப்புல நாற்பது வரி இருக்கு, உங்க கண்ணுக்கு ஒரு வரிதான் பட்டுதா? அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் இங்கே கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. மழையில சாகாத சிலந்தி என் அரை லிட்டர்லயா சாகப்போகுது?

வளைதேடி:
மழைக்கும் கணக்கு இருக்கு. 2.5 சென்டிமீட்டர் வாய்மேல 50 மில்லிமீட்டர் மழை நேரா விழுந்தாலும் மொத்தம் 25 மில்லி. அதுவும் மணிக்கணக்கா, சொட்டுச் சொட்டா. நீங்க 500 மில்லியை ஒரே மடக்குல கவுக்குறீங்க. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்றவரு வழிகாட்டிக் குறிப்பு எழுதலாமா?

மோகன்_பீனிக்ஸ்:
மேட்டுலேர்ந்து வழிஞ்சு ஓடி வர்ற தண்ணியை ஏன் கணக்குல சேர்க்கலை? வசதியா விட்டுட்டீங்களே. போன தடவை புற ஊதா விளக்கு விஷயத்துலயும் இப்படித்தான், பாதியைச் சொல்லிட்டு ஜெயிச்ச மாதிரி போனீங்க.

வளைதேடி:
வழிஞ்சு ஓடுற தடத்துல சிலந்தி பெரும்பாலும் வளை போடாது மோகன். புல் தூருக்குப் பக்கத்துல போடுறதைத்தான் அதிகம் பார்க்கலாம். வாயைச் சுத்தி நூல் விளிம்பு கட்டியிருக்கும். விரல்ல தொடாம, பக்கவாட்டுல விளக்கைப் பிடிச்சுப் பாருங்க, விளிம்பு தரைக்கு மேல துருத்திக்கிட்டு இருக்கும். சின்னத் தண்ணியைத் திருப்பி விட அது போதும். அரை லிட்டரைத் திருப்பாது.

புற ஊதா விளக்குல தேள்தான் பளிச்சுன்னு ஒளிரும், பபூன் சிலந்தி ஒளிராது. அன்னைக்குச் சொன்னதும் இதுதான், இன்னைக்குச் சொல்றதும் இதுதான்.

புதியவன்_டொங்காட்:
அண்ணே, எங்க இளைஞர் குழு அடுத்த சனிக்கிழமை முகூசே பக்கம் கிளம்புது. 12 பேர். என்னென்ன எடுத்துட்டு வரணும்னு யாராவது சொல்லுங்களேன்.

சாட்ஸ்வொர்த்_ரவி:
தம்பி, என் குறிப்புலயே எல்லாம் இருக்கு. அரை லிட்டர் பாட்டில் நாலு எடுத்துக்கோ, போதும்.

வளைதேடி:
நாலு பாட்டில்! நாலு வளையை நாசமாக்க 12 பேரை அனுப்புறீங்க. பெண் சிலந்தி ஒரே வளையில பல வருஷம் குடியிருக்கும், 20 வருஷத்துக்கு மேலயும் உயிரோட இருக்கும். அதை ஒரு போட்டோவுக்காகக் கரைக்கணுமா?

முட்டை விஷயத்தையும் கேட்டுக்கோங்க. அமெரிக்க டரன்டுலா வீடியோவைப் பார்த்துட்டு இங்கே எழுதினா இப்படித்தான் ஆகும். அங்கே பல இனங்கள் முட்டைப்பையைத் தூக்கிக்கிட்டு நகரும். நம்ம பபூன் சிலந்தியில செராட்டோகைரஸ், டெரினோகைலஸ்னு ரெண்டு பேரினம், அது ரெண்டும் முட்டைப்பையை வளைச் சுவரோட ஊஞ்சல் மாதிரி கட்டிவைக்கும். தண்ணி வந்தா தாய் ஓடலாம், பை அங்கேயே ஊறி அழுகும்.

சாட்ஸ்வொர்த்_ரவி:
நான் எழுதினது அந்த ரெண்டு பேரினத்துக்கும் இல்லை, நீலக்கால் சிலந்திக்கு. சம்பந்தமில்லாம இழுக்காதீங்க. அப்புறம், மூடி போட்ட வளை பபூன் சிலந்தியே இல்லை, அது கதவுச் சிலந்தி. அதையும் என் குறிப்புல தெளிவா எழுதியிருக்கேன்.

வளைதேடி:
தலையில அடிச்சுக்கணும் போல இருக்கு! நீங்க தேடிப்போற அதே நீலக்கால் சிலந்தி, இடியோதெலே மீரா, 2010ல் ஆய்வாளர் கேலன் விவரிச்ச இனம், மூடி போட்டுத்தான் வாழுது. மண்ணும் நூலும் சேர்ந்த மெல்லிய மூடி, மேல காய்ஞ்ச இலைத்துணுக்கு ஒட்டியிருக்கும். பகல்ல தரையோட தரையாத் தெரியும். ராத்திரி மூடி லேசா தூக்கியிருக்கும், முன்னங்கால் நுனி மட்டும் வெளியே நிக்கும். அந்த நுனிதான் நீலம். "மூடி இருந்தா விட்டுடுங்க"ன்னு நீங்க எழுதினதைப் படிச்சவங்க அதைத் தாண்டித்தான் நடந்து போயிருப்பாங்க.

மோகன்_பீனிக்ஸ்:
சரி, மூடி விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அரை லிட்டர் அதிகம்னா 100 மில்லி ஊத்தலாம்ல? அதுக்குப் பதில் சொல்லுங்க.

லெனேசியா_கமலா:
நேட்டால் ஆளுங்க எப்பவும் இப்படித்தான், ஒண்ணு வெள்ளம் இல்லேன்னா புல்லு. வளைதேடி அண்ணாவும் புல் தண்டை விட்டுக் குத்துற ஆளுதானே? எங்க கௌடெங் பக்கம் அதெல்லாம் விட்டாச்சு. போன்ல மாட்டுற எண்டோஸ்கோப் கேமரா, தலை 5.5 மில்லிமீட்டர். விளக்கைப் பாதிக்கும் கீழே குறைச்சு, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டரா இறக்கணும். விளிம்புல உரசினா மண் உள்ளே கொட்டும், அதனால ரெண்டு விரலால கம்பியை நடுவுல தாங்கிப் பிடிக்கணும். சிலந்தி முன்னங்காலைத் தூக்கினா அங்கேயே நிறுத்தணும். தண்ணியும் வேண்டாம், புல்லும் வேண்டாம்.

வளைதேடி:
கமலா, கேமரா நல்லதுதான், நான் மறுக்கலை. ஆனா வளை வளைஞ்சு போற இடத்துல கம்பி சுவர்ல முட்டி நூலைக் கிழிக்கும். "குத்துற ஆளு"ங்கிற பேச்சு வேண்டாம். பச்சையான, வளையுற தண்டு, வாயிலேர்ந்து 3 சென்டிமீட்டருக்கு மேல உள்ளே போகக் கூடாது, பூச்சி நடக்கிற மாதிரி லேசா நடுங்க விடணும். மூணு தடவையில வரலேன்னா விட்டுட்டுப் போகணும். காய்ஞ்ச குச்சி கூடவே கூடாது. வந்த சிலந்திக்குப் பின்னாடி கத்தியைச் செருகி வழி மறிக்கிறவங்க இருக்காங்க, கால் துண்டாப் போயிடும். மூடி போட்ட வளைக்குத் தண்டே வேண்டாம், மூடியைத் தூக்கினாலே சேதம்.

வளை வாய் நூலால அடைச்சிருந்தா எதுவுமே செய்யக் கூடாது. தோல் உரிக்குது, முட்டை இருக்கு, இல்லே குளிர்காலத்துக்கு அடைச்சிருக்கு. மூணுல எதுவா இருந்தாலும் நமக்கு அங்கே வேலை இல்லை.

சாட்ஸ்வொர்த்_ரவி:
ஊருக்கு உபதேசம்! சட்டம் தெரியுமா? 2004 உயிரியல் பன்மைச் சட்டத்துல, பிடிக்கிற நோக்கத்தோட தேடுறது, துரத்துறது, ஆசை காட்டி வரவழைக்கிறது எல்லாமே அனுமதி வேண்டிய வேலை. உங்க புல் தண்டு ஆசை காட்டுறது இல்லாம வேறென்ன?

வளைதேடி:
"பிடிக்கிற நோக்கத்தோட"ங்கிறதை நீங்களே எழுதியிருக்கீங்க, நீங்களே படிங்க. அந்தச் சட்டத்தோட 2007 பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கிற பபூன் சிலந்திப் பேரினம் மூணு: செராட்டோகைரஸ், ஹார்பக்டிரா, டெரினோகைலஸ். டப்பாவை எடுத்துக்கிட்டுப் போறவனுக்குத்தான் அந்த வரி. அதோட, தண்ணி ஊத்தி வெளியே துரத்துறதும் அதே வரியில வருது. சட்டத்தைக் காட்டி அரை லிட்டரைக் காப்பாத்த முடியாது.

புதியவன்_டொங்காட்:
அண்ணே, சனிக்கிழமை...

வளைதேடி:
சொல்றேன் தம்பி. முதல்ல, 12 பேர் ஒரே வரிசையில நடக்காதீங்க, மண் அதிர்ந்தா எல்லாம் உள்ளே போயிடும். நாலு நாலு பேரா பிரிங்க. முகூசே வனத்துக்குள்ள ராத்திரி இஷ்டத்துக்கு இறங்கி நடக்க முடியாது, யானை, காண்டாமிருகம், சிங்கம் இருக்கிற இடம். ஒண்ணு வன ஊழியரோட போங்க, இல்லே வெளியே இருக்கிற பண்ணைக்காரர்கிட்ட முன்னாடியே எழுத்துல அனுமதி வாங்குங்க. அது மலேரியா பகுதி, கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்து மாத்திரை கேளுங்க. கணுக்கால் மூடுற பூட்ஸ் கட்டாயம், பஃப் அடர் பாம்பு பாதையிலேயே படுத்திருக்கும், நகராது.

தலைவிளக்கு ஆளுக்கு ஒண்ணு, சிவப்பு வெளிச்சம் வர்றதா. வளையைப் பார்த்ததும் வாயைக் கவனிங்க. வட்டமா, நூல் பூசின விளிம்போட இருந்தா நம்மாளு. பிறை வடிவமா, அடி தட்டையா, முன்னாடி மண் குவிஞ்சிருந்தா தேள், விரலை நீட்டாதீங்க. விளக்கடிச்சதும் கண் பச்சையா மின்னினா ஓநாய்ச் சிலந்தி. கல்லைப் புரட்டினா எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடிச்சு உங்களை நோக்கித் தூக்குங்க, உள்ளே பாம்பு இருந்தா அந்தப் பக்கமாப் போகும். அதே குழியில அதே மாதிரி திருப்பி வைக்கணும். போட்டோ போடுறதுக்கு முன்னாடி இடக்குறிப்பை அழிச்சிடு, விக்கிறவங்க அதைப் பார்த்துத்தான் மண்வெட்டியோட வர்றாங்க.

தண்ணி பாட்டில் எடுத்துக்கோ. குடிக்க.

லெனேசியா_கமலா:
சிவப்பு வெளிச்சத்துல நீலக்கால் நீலமாவே தெரியாதே அண்ணா? அதை மட்டும் ஏன் சொல்லலை?

வளைதேடி:
தேட சிவப்பு, பார்க்க வெள்ளை. ரெண்டு நொடி அடிச்சா போதும்.

லெனேசியா_கமலா:
அப்போ என் எண்டோஸ்கோப் விளக்கு மட்டும் தப்பா?

சாட்ஸ்வொர்த்_ரவி:
எல்லாரும் கேட்டுக்கோங்க. அந்த வரியை எடுக்க மாட்டேன். வேணும்னா "மணல் நிலத்துல வேண்டாம்"னு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். களிமண்ணுல அரை லிட்டர் ஒண்ணும் பண்ணாது.

வளைதேடி:
களிமண் தண்ணியை ரொம்ப மெதுவாத்தான் உறிஞ்சும் ரவி, ஊத்தினது ரொம்ப நேரம் அப்படியே நிக்கும். மணலைவிட அது மோசம். எந்த மண்ணா இருந்தாலும் 200 மில்லி வளையில 500 மில்லி.

மோகன்_பீனிக்ஸ்:
அந்த 40 சென்டிமீட்டர் ஆழம் யார் அளந்தது? 80 இருந்தா 400 மில்லி பிடிக்குமே. கணக்கை முதல்ல சரியாப் போடுங்க, அப்புறம் ரவியைத் திட்டலாம்.

வளைதேடி:
80 இருந்தாலும் நிரம்பி வழியத்தானே செய்யுது மோகன்! 400ல 500 ஊத்தினா மிச்சம் 100 எங்கே போகும்?

சாட்ஸ்வொர்த்_ரவி:
மிச்சம் 100ஓட சேர்ந்து சிலந்தி மேல வரும். அதைத்தான் முதல் நாள்லேர்ந்து சொல்றேன்.