புதுப்பிப்பு: ஆச்சியின் தாலாட்டுக்குச் சத்தம் கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. காரைக்குடி வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) பதிந்த ஆச்சியின் தாலாட்டு −20 லஃப்ஸிலேயே (லஃப்ஸ் என்பது சராசரிச் சத்த அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) நிற்கிறது, ஒலியின் உச்சங்களை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டரை அழுத்தினால் குரல் நசுங்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது −14, ட்ரூ பீக் (ஒலி அலை தொடும் உண்மையான உச்சம்) −1 டெசிபல்.

பலன் தந்தது, லிமிட்டருக்கு முன்பே சத்தத்தைக் கையால் சமன் செய்யச் சொன்ன அண்ணனின் யோசனை. ஆச்சி "ஆராரோ" என்று இழுக்கும் இடங்களில் மட்டும் அலை 6 டெசிபல் எகிறி நின்றது. ஒன்பது இடங்கள், ஒவ்வொன்றாகக் குறைக்க ஒரு சாயங்காலம் ஆனது. அதன்பின் லிமிட்டருக்கு 2 டெசிபலுக்கு மேல் வேலையே இல்லை. "கண்ணே"யில் ண்ண அப்படியே அழுத்தமாக விழுகிறது! 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் உதவியது. ஃபேன் உறுமல் அங்கேதான் இடத்தை அடைத்திருந்தது.

எதிர்பாராதது எதிரொலி. சத்தம் கூடக்கூட அதுவும் மேலே வந்தது. ஆத்தங்குடிக் கல் தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், வேறென்ன ஆகும்? மென்பொருளால் எடுக்க முடியவில்லை. உள்ளறையில் மெத்தையை நிறுத்தி, கண்டாங்கிச் சேலைகளைத் தொங்கவிட்டேன். "இன்னொருக்காப் பாடுங்க ஆச்சி" என்றதும் சலிக்காமல் பாடினார்கள். அந்தப் பதிவுக்கும் இதே முறைதான்.

−10இலும் ஒன்று செய்து பார்த்தேன். ஸ்பாட்டிஃபை அதையும் −14க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடுகிறது. சம சத்தத்தில் கேட்டால் −14இல்தான் ஆச்சியின் குரல் நசுங்காமல் கேட்கிறது. அதையே ஏற்றினேன்.