இருவர் மட்டும் ஓட்டும் ஃபாஸ்ட்நெட்: தூக்கம், பேட்டரி, கடலில் விழுந்தவரைத் தூக்குவது

கேள்வி: ஹாம்பிள்காரன்

வணக்கம். 2027 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இருவர் பிரிவில் நானும் என் மனைவியும் ஓடுவது என்று முடிவெடுத்து ஓர் ஆண்டாகிறது. சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்தில் ஹாம்பிள் ஆற்றில் படகைக் கட்டியிருக்கிறோம். 10 மீட்டர் நீளமுள்ள சன் ஃபாஸ்ட் 3200. அதற்கு நாங்கள் ஐந்தாவது உரிமையாளர்கள். கல்லூரி நாட்களில் சென்னைத் துறைமுகத்துக்குள் லேசர் என்ற ஒற்றையாள் பாய்ப்படகு ஓட்டிப் பழகியவன் நான். மனைவி திருமணத்துக்குப் பிறகுதான் பாய்க்கயிற்றைத் தொட்டாள். இப்போது சுக்கான் பிடிப்பதில் என்னைவிட நிதானமானவள்.

கடந்த மே மாதம் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைச் சுற்றித் திரும்பும் பந்தயத்தில் ஓடினோம். சுமார் 230 கடல் மைல். இரண்டாம் இரவு, மணி மூன்று, பின்காற்று, ஸ்பின்னேக்கர் (பின்காற்றுக்கு முன்பக்கம் ஏற்றும் பெரிய பாய்) ஏற்றியிருந்தோம். அவளை எழுப்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. படகு நன்றாக ஓடுகிறது, இன்னும் சிறிது தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் தூங்கி 21 மணி நேரமாகியிருந்தது. தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட்டின் திரை ஒருமுறை மங்கி அணைந்தது. நான் சுக்கானை எட்டிப் பிடிப்பதற்குள் படகு காற்றை நோக்கித் திரும்பிப் பக்கவாட்டில் படுத்துவிட்டது. ஸ்பின்னேக்கர் தண்ணீரில். சத்தம் கேட்டு மனைவி படுக்கையிலிருந்து நேராக மேலே ஓடி வந்தாள். உயிர்காப்பு அங்கி இல்லை, பாதுகாப்பு வார் இல்லை, காலில் கம்பளிக் காலுறை மட்டும். அவள் அந்தச் சாய்ந்த தளத்தில் நின்ற காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஃபாஸ்ட்நெட் இதைப்போல் மூன்று மடங்கு தூரம். இங்கிலாந்தின் கௌஸிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் தென்மேற்கில் உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி, பிரான்ஸின் ஷெர்பூர் வரை 695 கடல் மைல். எங்கள் வேகத்துக்கு ஐந்து நாட்கள். தூக்கத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? மின்சாரத்துக்கு என்ன ஏற்பாடு? இன்னொன்றும் உண்டு. என் எடை 84 கிலோ, அவள் 52. நான் தண்ணீரில் விழுந்தால் தூக்க வேண்டியவள் அவள். அது நடக்கக்கூடிய காரியமா?

பதில் 1: புதுவை லோரியான்

ஆட்டோபைலட்டைப் பிறகு பார்ப்போம். நீங்கள் மனைவியை எழுப்பாமல் விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அன்பினால் செய்தீர்கள், புரிகிறது. ஆனால் இருவர் படகில் அந்த அன்புக்கு இடமில்லை. 21 மணி நேரம் விழித்திருந்தவரிடம்தான் அவர் தம் உயிரை ஒப்படைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் 2021, 2023 இரண்டு முறையும் என் மைத்துனருடன் ஓடினேன். எங்கள் முறை இது: இரவில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம், பகலில் தேவைப்பட்டால் மூன்று மணி நேரம் வரை. முதல் தூக்கம், தூக்கம் வருவதற்கு முன்பே. கௌஸுக்கு முன்னால் உள்ள சோலண்ட் நீரிணையை விட்டு வெளியே வந்ததும், உடல் பரபரப்பில் இருக்கும்போதே, ஒருவர் கீழே போய்ப் படுக்க வேண்டும். கண் மூடாவிட்டாலும் பரவாயில்லை, படுக்க வேண்டும். எழுந்தவுடன் சுக்கானைக் கொடுக்காதீர்கள். 15 நிமிடம் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடித்து, வரைபடத்தைப் பார்த்து, சுற்றியுள்ள விளக்குகளை எண்ணிச் சொன்ன பிறகுதான் பொறுப்பு கைமாறும்.

2023இல் முதல் இரவே பலத்த தென்மேற்குக் காற்று. ஓத நீரோட்டம் காற்றுக்கு எதிரே ஓடியதால் அலை செங்குத்தாக எழுந்தது. ஏராளமான படகுகள் துறைமுகம் திரும்பின. நாங்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், புறப்படும் முன் இரண்டு பிளாஸ்க்குகளில் கஞ்சியும் ரசமும் நிரப்பி காக்பிட்டிலேயே (சுக்கான் பிடிக்கும் திறந்த பள்ளம்) கட்டி வைத்திருந்தோம். அந்த நிலையில் கீழே இறங்கி அடுப்பு மூட்டியிருக்க முடியாது.

பேட்டரிக்கு வருகிறேன். உங்கள் அளவுப் படகில் ஆட்டோபைலட் சராசரியாக 5 ஆம்பியர் இழுக்கும். கருவிகள், ஏஐஎஸ் (படகின் இருப்பிடத்தை மற்றக் கப்பல்களுக்கு அறிவிக்கும் ரேடியோ கருவி), விளக்குகள் எல்லாம் சேர்த்து இன்னும் 3 என்று வையுங்கள். மணிக்கு 8, நாளுக்கு 192 ஆம்பியர் மணி. 200 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம், அதாவது 12 மணி நேரம். அதற்குமேல் சுமை கூடும் தருணத்தில் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும், பைலட் அணையும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். லித்தியத்துக்கு மாறினால் எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் செய்யும் நேரம் பாதிக்குமேல் குறையும். ஆனால் லித்தியம், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைக் கசக்கிப் பிழிந்து சூடாக்கும். நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் இல்லாமல் மாட்டாதீர்கள்.

பைலட்டின் சுமையைக் குறைப்பது அதைவிட மலிவு. சுக்கான் தொடர்ந்து ஒரே பக்கம் சில டிகிரி திரும்பியே நின்றால் படகில் பாய் அதிகம் என்று பொருள். நீங்கள் கையில் பிடித்திருந்தால் பொறுத்துக்கொண்டு ஓட்டியிருப்பீர்கள். பைலட் பொறுக்காது. முழுக் குழு படகு எந்தக் காற்று வேகத்தில் பாயைச் சுருக்குமோ, அதைவிட மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல் மைல்) குறைவாக இருக்கும்போதே நீங்கள் சுருக்கிவிடுங்கள். இதனால் தோற்றுவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். 2013இல் பாஸ்கல், அலெக்சி லுவாசோன் என்ற தந்தையும் மகனும் ஒரு ஜேபிகே 10.10 படகில், முழுக் குழுவுடன் வந்த அத்தனை படகுகளையும் திருத்திய நேரக் கணக்கில் (படகின் அளவு, வேகத் திறனுக்கு ஏற்பச் சரிசெய்த நேரம்) வென்று ஃபாஸ்ட்நெட் கோப்பையைத் தூக்கினார்கள். அதற்கு முன் இருவர் படகு எதுவும் அதை வென்றதில்லை.

தூக்குவதைப் பற்றி: முடியும். ஆனால் எழுதிப் புரியவைக்க முடியாது. மரீனாவில், அதாவது படகு கட்டும் துறையில், இறங்கிச் செய்து பாருங்கள். ஸ்பின்னேக்கர் ஏற்றும் கயிற்றின் முனையைத் தண்ணீரில் இருப்பவரின் அங்கியில் மாட்டி, மறுமுனையை விஞ்சில் (கைப்பிடியால் சுழற்றிக் கயிறு இழுக்கும் உருளை) சுற்றி, சிறிய கியரில் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். உங்கள் மனைவி தனியாக. நீங்கள் மயங்கியவரைப் போல மிதக்க வேண்டும், ஒரு விரலும் உதவக் கூடாது. கரையில் ஒருவர் நின்று பார்க்கட்டும்.

பதில் 2: தூத்துக்குடி இரண்டாம் அதிகாரி

அண்ணா, நான் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறேன். நள்ளிரவு 12 முதல் 4 வரை பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேல்தள அறையில், என் காவல். ஆங்கிலக் கால்வாயில் பலமுறை போயிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

எங்கள் கப்பல் 18 நாட் வேகத்தில் போனால் 20 நிமிடத்தில் 6 கடல் மைல் வந்துவிடும். காக்பிட்டில் உட்கார்ந்தபடி 20 நிமிடம் கண் அசந்தால், கண் மூடும்போது தொலைவில் புள்ளியாக இருந்த கப்பல் கண் திறக்கும்போது உங்கள் பக்கத்தில் நிற்கும். அலை உயர்ந்த இரவில் ஃபைபர் படகு ரேடாரில் அலையோடு அலையாக மறைந்துவிடும். உங்களை எனக்குக் காட்டுவது ஏஐஎஸ் ஒன்றுதான். அதுவும் நீங்கள் அனுப்பினால்தான். பேட்டரி இறங்கும்போது எதை அணைப்பது என்ற பட்டியலில் அதைக் கடைசியில் வையுங்கள்.

என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். பாய் ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயை இழுத்துக் கட்டும் கயிறு தாமான் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். இருட்டில் இருவர் மட்டும் வேலை செய்யும்போது கயிற்றின் பெயரை ஒரே சொல்லில் கூவுவது உதவும். நீங்களும் அண்ணியும் எந்த மொழியில் கூவுவீர்கள் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேட்டவர்: ஹாம்பிள்காரன்

லோரியான் ஐயா, நீங்கள் சொன்னது தைத்தது. இனி மேசைக் கடிகாரத்தை அலாரம் வைத்துப் படுக்கைத் தலைமாட்டில் கட்டுகிறோம், எழுப்புவது என் முடிவாக இருக்கக் கூடாது. படுக்கையிலிருந்து வெளியே வரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய அங்கியும் வாரும் கொக்கியில் தொங்கும். மாட்டாமல் மேலே ஏறக் கூடாது, படகு கவிழ்ந்தாலும் சரி. கயிறுகளைத் தமிழிலேயே கூவலாம் என்று அவள் சொல்கிறாள். தம்பி, ஆஞ்சான், தாமான் இரண்டும் எங்கள் படகுக்கு வந்துவிட்டன.

பதில் 3: ஹாம்பிள்காரி

நான்தான் அந்த 52 கிலோ. சனிக்கிழமை மரீனாவில் செய்து பார்த்தோம். அவர் நீர்புகா உடையும் அங்கியும் போட்டுக்கொண்டு தண்ணீரில் மிதந்தார், பக்கத்துப் படகுக்காரர் நேரம் பார்த்தார்.

முதல் முறை 26 நிமிடம். விஞ்சு என் கைக்குக் கனக்கவில்லை. அங்கியின் வளையத்தில் கொக்கியை மாட்டத்தான் முடியவில்லை. தளத்தில் குப்புறப் படுத்தாலும் என் கை எட்டவில்லை. மூன்றாம் முறைக்கு முன், ஒன்றரை மீட்டர் வார் ஒன்றை அவருடைய அங்கியில் நிரந்தரமாகத் தைத்த பையில் மடித்து வைத்தோம். விழுந்தவர் பக்கத்தில் அது மிதக்கும், படகுக் கம்பால் இழுத்துக் கொக்கியில் கோத்துவிடலாம். 9 நிமிடம்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது, பகல் நேரம், படகு கட்டியிருந்தது. அடுத்த வாரம் சோலண்டில் ஓடும் படகிலிருந்து 80 கிலோ மணல் மூட்டையைத் தள்ளிவிட்டுச் செய்யப்போகிறேன். அவர் கீழே படுக்கையில் இருப்பார், மேலே வர அனுமதி கிடையாது.