மறு: பாலிகிராஃப் – ‘பதற்ற வரைவி’ என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

விசாரணையில் பயன்படும் பாலிகிராஃப் கருவிக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் எந்தத் தமிழ்ச்சொல்லை ஏற்றலாம் என்று பேசும் இந்த மடல் இழையை நான்கு நாட்களாக விடாமல் படித்து வருகிறேன். இதுவரை வந்த சொற்கள் ஐந்து: பொய் கண்டறியும் கருவி, உண்மை கண்டறியும் கருவி, பல்வரைவி, பன்வரைவி, மெய்ப்பாட்டு வரைவி. முதல் இரண்டும் எவ்வளவு பழகியிருந்தாலும் நம் தொகுப்பில் ஏறக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கருவி பொய்யையும் கண்டறிவதில்லை, உண்மையையும் கண்டறிவதில்லை.

அது செய்வது இதுதான். நெஞ்சைச் சுற்றி ஒரு குழாய், வயிற்றைச் சுற்றி ஒரு குழாய். மூச்சு ஏறி இறங்குவதை இவை பிடிக்கும். மேல்கையில், ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டுவார்களே, அதே பட்டை. இரண்டு விரல்நுனிகளில் வியர்வைக் கசிவை அறியும் சிறு தகடுகள். கேள்வி கேட்கக் கேட்க எல்லாம் கோடுகளாக ஓடும். முன்பு காகிதத்தில் ஓடின, இப்போது திரையில். பொய்க்கென்று தனியாக ஒரு கோடு அதில் கிடையாது. கோடு எகிறியதைப் பார்த்து ‘இது பொய்’ என்று முடிவுகட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

பாலிகிராஃப் என்ற பெயரும் பொய்யோடு பிறந்ததல்ல. ஜேம்ஸ் மெக்கன்சி என்ற மருத்துவர் இதய நோயாளிகளின் நாடித்துடிப்புகளை ஒன்றாகப் பதிவுசெய்ய வைத்திருந்த கருவியின் பெயர் அது. 1921-இல் அமெரிக்காவின் பெர்க்லி காவல்துறையில் ஜான் லார்சன் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பதிவுசெய்து விசாரணைக்குக் கொண்டுவந்தார். லியோனார்ட் கீலர் தோலின் மின்தடையைப் பிறகு சேர்த்தார். ‘லை டிடெக்டர்’ என்ற பெயரைப் பரப்பியவை செய்தித்தாள்கள். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய் கண்டுபிடிக்கும் முறையைச் சான்றாக ஏற்க முடியாது என்று 1923-லேயே வாஷிங்டனில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறமும் பெயர் போகவில்லை. அந்தப் பெயரைத்தான் நாம் அப்படியே தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். எட்டாம் வகுப்பில் தேர்வுக் கட்டணப் பணம் காணாமல் போனது. வகுப்பாசிரியர் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் ‘என் கண்ணைப் பார்த்துச் சொல்லு’ என்றார். என் முறை வரும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது, உள்ளங்கை ஈரமாகிவிட்டது, பார்வை அவர் செருப்பைவிட்டு மேலே ஏறவில்லை. ‘திருட்டு முழி’ என்றார். அப்பாவை வரவழைத்தார்கள். மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டின் பிரவுன் அட்டைக்குள் செருகியிருந்த பணம் கிடைத்தது. என் உள்ளங்கை அன்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நான் பயந்திருந்தேன்.

ஆராய்ச்சிகள் சொல்வதும் இதையே. பொய்யரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்டபோது மிகுதியாக வந்த பதில், ‘கண்ணைப் பார்க்க மாட்டார்கள்’ என்பது. ஆனால் பார்வை விலகுவதற்கும் பொய்க்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. 2006-இல் உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 24,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கேட்பது உண்மையா பொய்யா என்று மக்கள் சரியாகச் சொன்னது 100-க்கு 54 தடவை. காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும். பழகிய பொய்யைச் சொல்பவருக்கு மூச்சு மாறாமலே போகலாம். தானே நம்பிவிட்ட பொய்யென்றால் இன்னும் சுலபம். பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்குபவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகவே இருக்கும், அதில் எதைப் பிடிப்பது?

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

‘பன்வரைவி’ புணர்ச்சி இலக்கணத்திலேயே நிற்காது. பன்முகம், பன்மொழி என்று மகரத்துக்கு முன் ‘பல்’ என்பது ‘பன்’ எனத் திரியும். வகரத்துக்கு முன் பல்வகை என்றுதான் வரும். ‘பல்வரைவி’ இலக்கணப்படி சரி, ஆனால் பல் மருத்துவரிடம் இருக்கும் கருவி என்றே படிப்பவர் நினைப்பார். பல கோடுகளை வரைகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவும் இல்லை.

பேராசிரியர் ஐயா தந்த ‘மெய்ப்பாட்டு வரைவி’தான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அழகான சொல். மெய்ப்பாடு என்றால் உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளை எடுத்துப் பாருங்கள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அச்சம் இருக்கிறது, வெகுளி இருக்கிறது. பொய் இல்லை! உடம்பில் தனக்கென்று ஓர் அடையாளம் பொய்க்குக் கிடையாது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. அப்படியிருந்தும் இந்தச் சொல் வேண்டாம் என்கிறேன், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். மெய் என்றால் உடம்பு என்பது நமக்குத் தெரியும். காலைச் செய்தித்தாளைப் புரட்டுபவருக்கு மெய் என்றால் உண்மை. ‘மெய்ப்பாட்டு வரைவியில் தேறினார்’ என்று படித்ததும் ‘மெய் சொல்லிவிட்டார்’ என்றே எடுத்துக்கொள்வார். எந்தக் குழப்பத்தைத் தவிர்க்க உட்கார்ந்தோமோ அதுவே வேறு வழியாக உள்ளே வந்துவிடும்.

நான் முன்வைப்பது ‘பதற்ற வரைவி’. சோதனைக்குப் பதற்ற வரைவுச் சோதனை. பயந்தாலும் பதறுவோம், கோபத்திலும் பதறுவோம், நம்மைச் சந்தேகிக்கிறார்களே என்ற அவமானத்திலும் பதறுவோம். கருவிக்குத் தெரிவதும் அந்த அளவுதான். ‘பதற்றமானி’ இன்னும் சுருக்கமாக இருக்கிறதே என்று தம்பி ஒருவர் தனிமடலில் கேட்டார். மானி என்றால் அளவு வேண்டும், வெப்பமானிக்குப் பாகை இருப்பதுபோல. பதற்றத்துக்கு அப்படி அலகு இல்லை, ஓடுவது கோடு. அதனால் வரைவியே பொருந்தும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் இருந்துகொண்டே 1985 முதல் சோவியத்துக்கு ரகசியங்களை விற்றவர் ஆல்ட்ரிச் ஏமஸ். 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறினார், 1994-இல்தான் கைதானார். ‘ஏமஸ் பொய் கண்டறியும் கருவியில் இருமுறை தேறினார்’ என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார். ‘பதற்ற வரைவியில் இருமுறை தேறினார்’ என்றால், ஆள் பதறவில்லை என்று உடனே புரியும். மறுபக்கமும் அப்படியே. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் 2003 அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 10,000 ஊழியர்களில் 10 பேர் ஒற்றர்கள் என்று வைத்துக்கொண்டு, அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையை இறுக்கினால், குற்றமற்ற 1,598 பேரும் கூடவே மாட்டுவார்கள். அந்த 1,598 பேரைப் ‘பொய் கண்டறியும் கருவியில் சிக்கியவர்கள்’ என்று தமிழில் எழுதினால் அது அநியாயம்.

நம் ஊருக்கும் இது தேவை. பாலிகிராஃப், நார்கோ, மூளை மின்அலைச் சோதனை மூன்றையும் ஒருவரின் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்றும் வேறுவேறு. நார்கோவில் ஊசிபோட்டு அரைமயக்கத்தில் பேச வைப்பதும் பாலிகிராஃபில் விரலில் தகடு மாட்டுவதும் நம் செய்திகளில் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. நமக்குத் தனிச்சொல் இருந்தால் செய்தி எழுதுபவர் எதைச் சொல்கிறார் என்பதாவது தெளிவாகும்.

எழுத்தில் ஒரு கவனம்: பதட்டம் அல்ல, பதற்றம். தொகுப்பில் ஏற்றும்போது றகரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால், திங்களன்று பதிவுக் குறிப்பை அனுப்பிவிடுவேன். உண்மை சொல்பவரின் அச்சத்தைப் பொய்யின் அடையாளமாகக் கொள்ளும் பிழைக்கும் ஒரு சொல் வேண்டும். ‘அச்சமயக்கு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை.

அன்புடன்