முருங்கை விதை போட்டும் மரவள்ளி ஸ்டார்ச் கழிவுநீர் தெளியவில்லை, கசடு மிதக்கிறது. எங்கே இடிக்கிறது?

கிழங்குமாவு:
வணக்கம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் சிறிய ஆலை. மாவு படிந்த பிறகு மேலே வடிக்கிற நீரை முருங்கை விதையால் தெளிய வைக்கப் பார்க்கிறோம்.

- நாளைக்கு ஒரு தொட்டி, 5,000 லிட்டர். இரவு முழுக்கக் கிடந்த நீர். பி.எச். 4.2, வெள்ளைக் கலங்கல், புளிச்ச வாடை.
- விதையைத் தோல் நீக்கி, மிக்ஸியில் பொடித்து, அப்படியே தூவுகிறோம். லிட்டருக்கு 1,500 மி.கி. வரை போட்டாயிற்று.
- துடுப்பால் கலக்கியதும் மோட்டார் வைத்துத் தெளிவுத் தொட்டிக்கு ஏற்றுகிறோம்.
- பாட்டிலில் போட்டுப் பார்த்தால் தெளிகிறது. தொட்டியில் மங்கலாகவே நிற்கிறது. நாலைந்து மணி நேரத்தில் அடிக்கசடு பாளம் பாளமாக மேலே வருகிறது.
- சி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு மி.கி.) 4,200 இருந்தது. முருங்கை போட்ட பிறகு 4,700!

படிகாரம், பி.ஏ.சி. (பாலி அலுமினியம் குளோரைடு) வேண்டாம். கசடை எருவாக்க வேண்டும். என்ன செய்யலாம்?

தெளிநீர்:
பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருப்பது அந்த மோட்டார்தான். கலக்கும்போது துகள்கள் ஒட்டி உருவாகும் திரளை பம்பின் இம்பெல்லர் சுக்குநூறாக்கிவிடும். முருங்கைத் திரள் மென்மையானது. ஒருமுறை உடைந்தால் பழையபடி சேராது. ஆகவே பம்புக்கு முன்னால் மருந்து, பின்னால் திரள் என்று மாற்றுங்கள். கரைசலை பம்பின் உறிஞ்சு குழாயில் சொட்டவிட்டால் வேகக் கலக்கல் தானாகவே கிடைத்துவிடும். அதன்பின் தெளிவுத் தொட்டியிலேயே 15–20 நிமிடம் மெதுவாக, நிமிடத்துக்கு 20–30 சுற்று. பிறகு நீரைத் தொடக் கூடாது.

அடுத்தது பொடியாகத் தூவுவது. வேலை செய்வது விதையில் உள்ள, நேர்மின் சுமை கொண்ட சிறு புரதம். அது முதலில் நீரில் கரைந்து வர வேண்டும். பொடியைத் தூவினால் பாதி கரையாமல் கசடோடு அடிக்குப் போகும், எண்ணெய் மேலே படரும். 5 சதக் கரைசலாக்குங்கள்: 1 கிலோ பொடிக்கு 20 லிட்டர் நீர், அரை மணி நேரம் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டல். அன்றன்றைக்குக் கரைத்ததை அன்றே தீர்க்க வேண்டும். மறுநாள் நாறும், வேலையும் செய்யாது.

மூன்றாவது, பி.எச். அளவு. அது 4.2 ஆக இருக்கும்போது நீரில் மிதக்கும் புரதத் துகள்களின் எதிர்மின் சுமை ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். அதில் நேர்மின் புரதத்தை அள்ளிக் கொட்டினால் துகள்கள் மறுபக்கச் சுமை ஏறி மறுபடி ஒன்றையொன்று தள்ளும். 1,500 மி.கி. என்பது பெரும்பாலும் அந்தக் கதைதான். சுண்ணாம்புப் பால் விட்டு 6.5–7க்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறை விட்டதும் பத்து நிமிடம் பொறுத்துத்தான் அளக்க வேண்டும். சுண்ணாம்பு மெதுவாகக் கரையும், அவசரப்பட்டால் 9க்குத் தாண்டிவிடும். இன்னொரு வழி, நீரை இரவு போடாமல் வடித்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்வது. புளிப்பதற்கு முன் எடுத்தால் சுண்ணாம்புச் செலவே பாதி குறையும்.

அளவை ஊகிக்காதீர்கள், ஜாடிச் சோதனை செய்யுங்கள். ஆறு ஜாடி, தலா 1 லிட்டர், பி.எச். சரிசெய்த நீர். 1 சதக் கரைசலில் 1 மி.லி. விட்டால் லிட்டருக்கு 10 மி.கி. ஆகும். லிட்டருக்கு 0, 100, 200, 300, 400, 600 மி.கி. என்று போடுங்கள். அந்த 0 ஜாடியை மறந்துவிட வேண்டாம். ஸ்டார்ச் நீர் தானாகவே கொஞ்சம் தெளியும், அதன் பெயரை முருங்கை வாங்கிக்கொண்டு போய்விடும்.

திப்பி:
மிதக்கும் கசடுக்கு ஒரு சோதனை. ஒரு கட்டியை எடுத்துக் குவளை நீரில் போட்டு குச்சியால் இரண்டு தட்டு தட்டுங்கள். குமிழ் விட்டு மூழ்கினால் வாயு: அடியில் கசடு புளித்துப் பொங்குகிறது. மூழ்காமல் விரலில் வழுவழுவென்று ஒட்டினால் விதை எண்ணெய்.

வாயு என்றால் மருந்தை மாற்றிப் பயனில்லை. கசடை அடியில் தங்க விடாதீர்கள். கூம்பு அடித்தொட்டியில் ஒன்றரை மணி நேரம் படிந்ததும் அடி வால்வைத் திறந்துவிட வேண்டும். தட்டையான அடித்தொட்டியில் மூலையில் பழைய கசடு நிற்கும், அதுவே மறுநாள் நீரைப் புளிக்க வைக்கும் உறை. வாரம் ஒருமுறையாவது முழுக்கக் காலி செய்து சுரண்டுங்கள்.

எண்ணெய் என்றால் பருப்பைச் செக்கில் ஆட்டி, பிண்ணாக்கைப் பயன்படுத்தலாம். புரதம் எண்ணெயோடு போகாது, பிண்ணாக்கிலேயே தங்கும். ஆட்டுவதற்கு முன் வறுக்க மட்டும் வேண்டாம்.

தெளிநீர்:
சி.ஓ.டி. ஏறியதற்கும் பதில் அதில்தான் இருக்கிறது. பருப்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய், ஏறக்குறைய அதே அளவு புரதம், அதில் திரட்டும் புரதம் கொஞ்சம்தான். மீதி முழுவதும் நீங்களே நீரில் சேர்க்கிற சி.ஓ.டி. பிண்ணாக்கு, வடிகட்டிய கரைசல், குறைந்த அளவு: மூன்றும் சேர்ந்தால் இது அடங்கும்.

உப்பு நீரில் கரைத்தால் புரதம் இன்னும் நன்றாக இறங்கும். ஆனால் நீரை வயலுக்கு விடுவதென்றால் கணக்குப் பாருங்கள். வழக்கமாகச் சொல்லும் 1 மோலார் கரைசல் என்றால் லிட்டருக்கு 58 கிராம் உப்பு. 2 கிலோ பொடிக்கான 40 லிட்டர் கரைசலில் 2.3 கிலோ, 5,000 லிட்டரில் லிட்டருக்கு 460 மி.கி. உப்பு ஏறும். மண்ணுக்கு ஆகாது. கரைசலில் லிட்டருக்கு 10 கிராமோடு நிறுத்துங்கள். சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடும் அதே வேலையைச் செய்யும், சோடியம் சேராது.

கிழங்குமாவு:
ரொம்ப நன்றி. ஜாடிச் சோதனை முடிவு, பி.எச். 6.8, பிண்ணாக்குக் கரைசல்: 0இல் மேல்நீர் மங்கல், 200இல் திரள் பொடிப் பொடியாக, 400இல் நன்றாகத் தெளிந்தது, 600இல் மறுபடி மங்கல். மிதந்த கட்டி தட்டியதும் மூழ்கியது, அதனால் வாயுதான். கலங்கிய நீரை வடிதாளில் வடிகட்டிப் பார்த்த சி.ஓ.டி. 3,100. அளவைக் கூட்டி இதையும் இறக்க முடியுமா?

கல்வாழை:
முடியாது. அந்த 3,100 கரைந்த சர்க்கரையும் அமிலமும். முருங்கை துகளைத்தான் பிடிக்கும், கரைந்ததைத் தொடாது. வடிதாள் எண்தான் உங்கள் தரை. அதற்குக் கீழே போக நுண்ணுயிர்தான் வழி.

400 மி.கி. என்றால் நாளைக்கு 2 கிலோ பிண்ணாக்கு. அதோடு நிறுத்தி, தெளிந்த நீரைக் காற்றில்லாக் கலனுக்கு (நுண்ணுயிர் கழிவைச் செரித்து மீத்தேன் தரும் மூடிய தொட்டி) விடுங்கள். 5,000 லிட்டரில் 15.5 கிலோ சி.ஓ.டி. 80 சதம் செரித்தால் 12.4 கிலோ. கிலோவுக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் என்ற கணக்கில் நாளைக்கு 4.3 கன மீட்டர் வரை வரும். மிச்சத்தைக் கல்வாழை, சம்பு நட்ட சரளைப் படுகைக்கு அனுப்பலாம். ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 10 கிராம் பி.ஓ.டி.க்கு (நுண்ணுயிர் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) மேல் ஏற்ற வேண்டாம். பி.ஓ.டி. லிட்டருக்கு 300 மி.கி. என்றால் 150 சதுர மீட்டர் வேண்டும். இடமில்லாதவர்கள் படுகையைச் சிறிதாக்குவார்கள், சரளை அடைத்துக்கொண்டு நீர் மேலே தேங்கும். தெளிய வைக்காத நீரை விட்டாலும் இதே கதிதான்.

என் கருத்து: கலன் கட்டுவதாக இருந்தால் எல்லா நீரையும் முருங்கையால் தெளிய வைக்கத் தேவையில்லை, மாவும் கலனுக்கு உணவுதான். கிழங்கின் மண்ணைக் கழுவும் முதல் தொட்டிக்குத் திருப்பிவிடும் நீருக்கு மட்டும் முருங்கை போடுங்கள். விதையும் மிச்சம், புதுநீரும் மிச்சம்.

திப்பி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மரவள்ளி நீரில் சயனைடு இருக்கும், முருங்கை அதை நீக்கும் என்று நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதிக்கும், நீரிலிருந்து எளிதில் காற்றில் கலக்கும். தொட்டிகளை மூடிய கொட்டகையில் வைக்காதீர்கள், தெளிந்துவிட்டதே என்று மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

கிழங்குமாவு:
சரிங்க. தேத்தாங்கொட்டை, சப்பாத்திக்கள்ளி இவற்றையும் சேர்க்கலாமா?

தெளிநீர்:
தேத்தாங்கொட்டை லேசான கலங்கல் நீருக்குப் போதும், நாளைக்கு 5,000 லிட்டர் ஸ்டார்ச் நீருக்கு அவ்வளவு கொட்டைக்கு எங்கே போவது? சப்பாத்திக்கள்ளிக் கூழ் சுமையைச் சமன் செய்வதில்லை, துகள்களுக்கு இடையே பாலம் போடும். அதற்கு உகந்த பி.எச். 10 பக்கம், உங்கள் 6.8க்கு ஒத்துவராது. கசடை மட்டும் உடனே காய்ந்த சருகோடு கலந்து குவியுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழும் ஈரம் போதும். அதற்கு மேல் ஈரமிருந்தால் எருவாகாது, அழுகும்.