நகல் கோப்ரா: பின் ஆக்சிலை மாற்றலாமா, இருப்பதை விட்டுவிடலாமா?

பாதிராத்திரி_ஸ்பேனர்

இரண்டரை வருட சனி, ஞாயிறுகளைத் தின்றுவிட்டு என் 427 கோப்ரா நகல் (1960களின் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து வீட்டில் கட்டியது) ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. பாகங்களாக வாங்கிய கிட்டில் வந்தது ஏணி மாதிரியான சேஸியும் ஃபைபர் கிளாஸ் உடலும். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் ஹப், பின் ஆக்சில் எல்லாம் ஒரு பழைய மஸ்டாங்கிலிருந்து கழற்றியவை. 800 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. வழவழப்பான நேர்ச் சாலையில் சொர்க்கம். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் ஸ்டீயரிங்கைத் தொடாமலே கார் ஒருபக்கம் பாய்கிறது. வளைவின் நடுவில் பள்ளம் வந்தால் பின்பக்கம் துள்ளி, சற்றுத் தள்ளி உட்காருகிறது. பிரேக் பெடலோ பாறாங்கல்.

அடுத்த இரண்டு மாதம் காரை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு மூன்று வேலை செய்யலாம் என்று நினைக்கிறேன். லைவ் ஆக்சிலை (இரு பின்சக்கரங்களையும் ஒரே தண்டில் பிணைப்பது) எடுத்துவிட்டு, சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் பின் சஸ்பென்ஷன், கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன், 15 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 17 அங்குலம். மைத்துனரிடம் சொன்னேன். "இவ்வளவும் மாற்றினால் அதற்கு எதற்குக் கோப்ரா என்று பெயர்?" என்று கேட்டுவிட்டார். இரண்டு நாளாக அந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது. நீங்கள் சொல்லுங்கள்.

அசல்தான்_அழகு

உங்கள் மைத்துனர் கட்சிதான் நான். கோப்ரா என்பது 1960களின் கார். முரட்டுத்தனம்தான் அதன் குணம். துள்ளும், உறுமும், தொடையைச் சுடும். இதையெல்லாம் நீக்கிவிட்டு நவீன கார்போல ஓட வேண்டும் என்றால் நவீன காரையே வாங்கியிருக்கலாமே. 17 அங்குலச் சக்கரம் போட்ட கோப்ராவைப் பார்த்தால் பட்டு வேட்டிக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருக்கிறது எனக்கு.

கார்புரேட்டரை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். காலையில் இரண்டு முறை ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு ஸ்டார்ட் செய்கிற அந்தச் சடங்குக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வெல்டிங்_கண்ணன்

அசல் சார், ஒரு சின்ன சிக்கல். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் லைவ் ஆக்சில் அசல் கோப்ராவில் கிடையவே கிடையாது. 1962இல் கோப்ராவை உருவாக்க அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி கையில் எடுத்தது ஏசி கார்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஏஸ் கார். அதிலேயே முன்னும் பின்னும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்தான், குறுக்கே போட்ட பட்டை ஸ்பிரிங்கோடு. 1965இல் 427 வந்தபோது பட்டை போய் காயில் ஸ்பிரிங் வந்தது. அப்போதும் பின்பக்கம் இண்டிபெண்டன்ட்தான். நகல்களில் லைவ் ஆக்சில் வந்ததற்குக் காரணம், மஸ்டாங்கைக் கழற்றினால் அது கையோடு வருகிறது என்பதுதான். ஆக, நம் நண்பர் ஆக்சிலை மாற்றினால் அசலை விட்டு விலகவில்லை, அசலை நெருங்குகிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை உருவாக்கியவர்களே அதை அப்படியே வைத்திருக்கவில்லை. முதலில் 260 கன அங்குல எஞ்சின், கொஞ்ச நாளில் 289, அப்புறம் 427. ஏழு லிட்டர் எஞ்சினைப் பழைய சேஸி தாங்காது என்று முதன்மைக் குழாய்களை மூன்று அங்குலத்திலிருந்து நான்கு அங்குலமாக்கினார்கள். நீளமான நேர்ப்பாதையில் திறந்த உடல் காற்றை முட்டிக்கொண்டு நின்றது, அதனால் டேடோனா கூப்பே என்று மேலே மூடிய உடலையே செய்தார்கள். 427 என்று விற்ற தெரு வண்டிகள் பலவற்றில் உள்ளே இருந்தது 428 எஞ்சின். இதில் எதை அசல் என்று பிடித்துக்கொண்டு உட்காருவது?

அசல்தான்_அழகு

ஆக்சில் விஷயத்தில் அடி வாங்கிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வாதம் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். 'ஷெல்பியே மாற்றினார், நானும் மாற்றுகிறேன்' என்று தொடங்கினால் பவர் ஸ்டீயரிங், ஏசி, பின்பக்கக் கேமரா என்று போகும். அவர்கள் மாற்றியது பந்தயத்தில் ஜெயிப்பதற்கு. நாம் மாற்றுவது பெரும்பாலும் கேட்லாக்கைப் புரட்டும்போது வரும் ஆசை.

கிரீஸ்_பெரியவர்

கடைசி வரி நல்ல வரி. மீதியை நீங்கள் இருவரும் அப்புறம் அடித்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஸ்பேனர், நீங்கள் மூன்று கோளாறு சொன்னீர்கள், மூன்று சாமான் வாங்கப் போகிறீர்கள். இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை, கவனித்தீர்களா? இன்ஜெக்‌ஷன் போட்டால் பெடல் இளகாது. 17 அங்குலச் சக்கரம் போட்டால் கார் பாய்வது நிற்காது.

ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது கார் பாய்கிறது என்றால் என் சந்தேகம் முன்பக்கம்தான். பம்ப் ஸ்டீயர் என்பார்கள். சக்கரம் மேலே போகும்போது அதைத் தாங்கும் கைகளான விஷ்போன்கள் ஒரு வளைவில் போகின்றன, ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக்கும் பல்சட்டம்) சக்கரத்துக்கு வரும் டை ராட் என்ற கம்பி வேறொரு வளைவில் போகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே அந்தச் சக்கரம் திரும்பிக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும்.

காரை ஓட்டும் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள், ஹப் கையால் தூக்கினால் ஏற வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து அசையாமல் கட்டிவிடுங்கள். ஹப்பில் 60 செ.மீ. அகலத்துக்கு ஒரு நேரான பலகையை போல்ட் போட்டு இறுக்குங்கள். கீழே ஜாக்கி வைத்து 10 மி.மீ. 10 மி.மீ. ஆக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பலகையின் முன் விளிம்பும் பின் விளிம்பும் எவ்வளவு நகர்ந்தன என்று குறியுங்கள். அப்புறம் அதேபோல கீழே இறக்கியும் அளக்கணும். ஏறும்போது ஒரு திசை, இறங்கும்போது எதிர்த் திசை என்று நேர்க்கோடாக வந்தால் ரேக்கின் உயரம் தப்பு. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே திசையில் வளைந்தால் டை ராட்டின் நீளம் பொருந்தவில்லை. செலவு ஒரு பலகையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

பெடல் கல்லாக இருக்கிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதியைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக்குவது) விட்டம் என்ன? மிதிக்கு உதவும் பூஸ்டர் இருக்கிறதா?

பாதிராத்திரி_ஸ்பேனர்

பூஸ்டர் இல்லை ஐயா, இடமில்லை. இரட்டை மாஸ்டர் சிலிண்டர், நடுவில் முன்-பின் பிரேக்குக்குப் பலத்தைப் பங்கிடும் பயஸ் பார். இரண்டும் 7/8 அங்குலம். 'பெரிதாகப் போட்டால் பலமாகப் பிடிக்கும்' என்று நினைத்து நானே தேர்ந்தெடுத்தது.

கிரீஸ்_பெரியவர்

அங்கேதான் தலைகீழ். காலால் கொடுக்கும் அதே பலத்துக்கு, சிறிய விட்டத்தில்தான் அழுத்தம் அதிகம். 3/4 அங்குலத்துக்கு மாறினால் அதே மிதிக்கு ஏறத்தாழ 36 சதவீதம் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். சும்மா கிடைக்காது, பெடல் அதே விகிதத்தில் கூடுதலாக உள்ளே போகும். உங்களுக்கு இப்போது பெடல் நகர்வதே இல்லை என்பதால் அது பிரச்சினை இல்லை. மாற்றிய பிறகு பயஸ் பாரை மறுபடி சரிசெய்யுங்கள். முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் முந்திக்கொண்டால் கார் சுற்றிவிடும், ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

ஓரமாய்_நிற்பவன்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், என் நகலில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது. எஞ்சினையே மாற்றச் சொல்லி ஒருவர் ஆலோசனை தந்தார் :)

வெல்டிங்_கண்ணன்

எர்த். ஃபைபர் கிளாஸ் உடலில் மின்சாரம் போகாது. இரும்பு உடல்போல விளக்கை உடலில் திருகினால் போதும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் சேஸிவரை போக வேண்டும், அங்கேயும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்க வேண்டும். நகல் கட்டுகிற எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்துதான் எழுகிறோம்.

பெரியவர் சொன்ன பலகை வேலையைச் செய்யட்டும், மறுக்கவில்லை. ஆனால் பின்பக்கத் துள்ளலுக்குப் பலகை பதில் சொல்லாது. லைவ் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் (எஞ்சின் பலத்தை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் பெட்டி), இரண்டு பக்கக் குழாய், உள்ளே தண்டுகள் எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன. கனமான மஸ்டாங்கில் மேலே உள்ள எடை அதை அமுக்கி வைத்திருந்தது. அதே ஆக்சிலை லேசான நகலின் கீழே போட்டால், மேலே உள்ள எடை குறைந்துவிட்டது, கீழே உள்ளது குறையவில்லை. துள்ளாமல் என்ன செய்யும்? இண்டிபெண்டன்ட்டில் டிஃபரன்ஷியல் சேஸியோடு நின்றுவிடும். நான் மாற்றினேன். நான்கு மாத வேலை, முட்டியில் இரண்டு தழும்பு. பள்ளத்தில் வித்தியாசம் தெரிந்த அந்த முதல் நாளுக்காக மறுபடியும் செய்வேன்.

அசல்தான்_அழகு

சரி, அந்த ஆக்சிலோடு ஸ்பிரிங்கும் மஸ்டாங்கிலிருந்து வந்ததா என்று யாராவது கேட்டீர்களா?

பாதிராத்திரி_ஸ்பேனர்

வந்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டும் அதே மஸ்டாங்குடையது.

அசல்தான்_அழகு

ஆ! கனமான காருக்கு அளந்து செய்த ஸ்பிரிங், லேசான காரில். சோபாவுக்கு அடியில் லாரி ஸ்பிரிங் வைத்துவிட்டு சோபா சரியில்லை என்கிறோம். கண்ணன், நீங்கள் நான்கு மாதம் வெல்டிங் செய்தபோது புது ஸ்பிரிங்கும் போட்டிருப்பீர்கள்தானே? அப்படியானால் பள்ளத்தில் தெரிந்த அந்த வித்தியாசத்தில் எத்தனை பங்கு ஆக்சிலால், எத்தனை பங்கு ஸ்பிரிங்கால் என்று எப்படிச் சொல்வீர்கள்?

வெல்டிங்_கண்ணன்

இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்றினேன். பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கீழ் எடை குறைந்தால் நல்லது என்பது இயற்பியல், என் அபிப்பிராயம் அல்ல.

கிரீஸ்_பெரியவர்

முதலில் நாலு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து எடை பாருங்கள், நீங்கள் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு. மூலைக்கு எவ்வளவு எடை என்று தெரியாமல் ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது. இன்னொன்று, ஸ்பிரிங்கில் எழுதியிருக்கும் விறைப்பு எண் சக்கரத்தில் அப்படியே வந்து சேராது. சக்கரம் 10 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. நகர்கிறது என்றால், சக்கரம் உணர்வது அந்த எண்ணில் பாதிதான், 0.7 பெருக்கல் 0.7. இதை மறந்துவிட்டு முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே எண் வாங்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்ஜெக்‌ஷன் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. வளைவில் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி எஞ்சின் இருமுவது உங்களுக்கு இருந்தால் போடுங்கள். ஆனால் போட்டால் குழாய்களையும் சேர்த்து மாற்றுங்கள். கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம் போதும், இன்ஜெக்‌ஷனுக்கு நாலு பார் பக்கம் வேண்டும். பழைய ரப்பர் குழாயை அப்படியே விட்டு கிளிப்பை இறுக்கிவைத்தால், சூடான புகைக்குழாய்க்கு மேலே பெட்ரோல் பீச்சும். அந்தப் படத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

பாதிராத்திரி_ஸ்பேனர் (ஒன்பது நாள் கழித்து)

பலகை வேலை முடிந்தது. 50 மி.மீ. ஏற்றியபோது ஒவ்வொரு முன்சக்கரமும் 60 செ.மீ. பலகையில் 4 மி.மீ. வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. இறக்கினால் கிட்டத்தட்ட அதே அளவு உள்பக்கமாக. நேர்க்கோடு. அதாவது ரேக்கின் உயரம்.

இப்போது வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். எஞ்சினை இறக்கிய வாரம் ஸ்டீயரிங் தண்டு புகைக்குழாயை உரசியது. ரேக்கின் அடியில் 6 மி.மீ. ஷிம் (இடைத் தகடு) வைத்துத் தூக்கினேன், உரசல் நின்றது, மறந்தே போனேன். கிட்டின் வரைபடத்தில் ஷிம் கிடையாது. அதை எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். 4 மி.மீ. இருந்த இடத்தில் அரை மி.மீ. கூட இல்லை. இரண்டரை வருடமாகக் கட்டியவன் நான், கிட்டையும் மஸ்டாங்கையும் குறை சொன்னவனும் நான்!

3/4 அங்குல மாஸ்டர் சிலிண்டர் வந்து சேர்ந்துவிட்டது. எடை பார்க்கத் தராசு இரவல் கேட்டிருக்கிறேன். ஆனால் ஷிம்மை எடுத்ததால் தண்டு மறுபடி புகைக்குழாயை உரசுகிறது. இதற்கு என்ன வழி?

வெல்டிங்_கண்ணன்

தண்டை இரண்டாக வெட்டி நடுவில் இன்னொரு யுனிவர்சல் ஜாயின்ட் (தண்டு கோணத்தில் திரும்ப உதவும் இணைப்பு) போடுங்கள், சுற்றிக்கொண்டு போகும். மூன்று ஜாயின்ட் ஆகிவிட்டால் நடுவில் சேஸியோடு பிடித்த ஒரு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் தண்டு சாட்டை மாதிரி ஆடும். விபத்தில் தண்டு நெஞ்சுக்கு வராமல் மடங்கும் பகுதி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் பின் ஆக்சிலைப் பற்றிப் பேசுவோம். நான் விடுவதாக இல்லை.

அசல்தான்_அழகு

புது ஸ்பிரிங் போட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டட்டும், அப்புறம் பேசலாம் கண்ணன். அதுவரை 15 அங்குலச் சக்கரம் அப்படியே இருக்கட்டும். அந்த டயர்களின் தயாரிப்புத் தேதியை மட்டும் பார்த்துவிடுங்கள் ஸ்பேனர், அந்த அளவு டயர்கள் கடையில் வருடக்கணக்கில் கிடந்து காய்ந்திருக்கும்.

பாதிராத்திரி_ஸ்பேனர்

இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்பது வருடம்.