கலைச்சொல் தேவை: ‘ஃபால்ஸ் ஃப்ரெண்ட்’

அன்புள்ள குழுவினருக்கு,

மொழிபெயர்ப்பு வகுப்புக்கான பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். இரண்டு மொழிகளில் ஒரே உருவில் இருந்துகொண்டு பொருளில் காலை வாரிவிடும் சொல்லுக்கு 1928இல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ‘ஃபோ அமி’ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ் ஃப்ரெண்ட்’. பாடத்தின் எடுத்துக்காட்டு ‘கிஃப்ட்’. ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு, ஸ்வீடிஷில் நஞ்சு, கூடவே ‘மணமான’ என்றும் பொருள். ‘போலிச்சொல்’ என்று போடட்டுமா?

———

அம்மா, போலி வேண்டாம். பந்தல் பந்தர் ஆனாலும் பொருள் மாறாது, அதுதான் இலக்கணத்தில் போலி. உங்களுடையது நேர்மாறு. வள்ளுவர் 83ஆம் அதிகாரத்தில் பெயரே தந்திருக்கிறார்: ‘கூடாநட்புச் சொல்’.

கிஃப்ட் மூன்றுக்கும் வேர் ‘கொடுத்தல்’. கிரேக்க ‘டோசிஸ்’ என்றாலும் கொடுத்தல்தான். நம் மருந்துக்கடை ‘டோஸ்’ அங்கிருந்து வந்தது. அதன் வழியில் ஜெர்மானியரும் தங்கள் கிஃப்டை மருந்துக்கு ஆள, அது நஞ்சில் போய் நின்றது. பழைய பொருள் வரதட்சிணையைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழிலும் பாருங்கள்: கொடு, கொடை, கொடிய, கொடுவிடம்!

———

> கொடு, கொடை, கொடிய

ஐயா, ஈயும் கொடு வேறு, கொடுங்கோலில் உள்ள கொடு வேறு. பின்னது வளைவு. கூடாநட்பில் நீங்களே விழுந்துவிட்டீர்களே!

ஸ்வீடிஷ்காரர் அதை ‘யிஃப்ட்’ என்பார்கள். பெண்ணைக் கொடுத்த இடம் என்கிறோமே, அந்தக் கொடுத்தல்தான் அது. பழைய ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்குப் பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசப்பணம் என்றுதான் பொருள். (பரிசும் பரிசமும் ஒன்றா என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள், வெள்ளிக்கிழமை அச்சு.)

———

‘கூடாநட்புச் சொல்’ என்றால் மாணவன் கெட்டவார்த்தை என்று நினைப்பான். ‘ஏமாற்றுச்சொல்’ போதும். எடுத்துக்காட்டுக்கு ஐரோப்பா வரை போவானேன்? பாலக்காடு தாண்டினால் வெள்ளம் என்பது குடிக்கும் தண்ணீர், சம்சாரம் என்பது பேச்சு.

———

சரி, தனிமடல்களையும் சேர்த்து ‘ஏமாற்றுச்சொல்’லுக்கு ஐந்து, ‘கூடாநட்பு’க்கு இரண்டு. ஏமாற்றுச்சொல்லையே போடுகிறேன். வெள்ளமும் சம்சாரமும் சேர்கின்றன. நன்றி.

———

அம்மா, போடுங்கள். ஆனால் சொல்லா ஏமாற்றுகிறது? அது பாவம், தன் ஊரில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தப் பரிசம்...