வாடகை வீட்டில் கரண்ட் தீ, வீட்டுக்காரர் 18,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். யார் பொறுப்பு?

சிப்புட்_மீனா:
மலேசியா, பேராக், சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, நாலு வருஷமாக வாடகை. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுச் சமையலறைக்குப் போனால் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் புகை. மெயினை அடைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே ஓடினோம், போம்பா (தீயணைப்புப் படை) வந்து அணைப்பதற்குள் கேபினட்டும் பாதி சீலிங்கும் போய்விட்டன. வீட்டுக்காரர் நாங்கள் எக்ஸ்டென்ஷனில் கண்டதையும் சொருகியதுதான் காரணம் என்கிறார். டெபாசிட்டும் கிடையாதாம், ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு காகிதம் வேறு. மறைக்கவில்லை, ஐஸ்பெட்டியும் ரைஸ் குக்கரும் எக்ஸ்டென்ஷனில்தான் இருந்தன. ஆனால் அந்த பிளக் பாயிண்டே நாங்கள் குடிவந்த பிறகு அவருடைய மச்சான் மகன் வந்து இழுத்துக் கொடுத்தது.

கங்காணி_பேரன்:
முதலில் கையெழுத்துப் போடாதீங்க அக்கா. மற்றதை அப்புறம் பேசலாம்.

வயர்மேன்_பேராக்:
தங்கச்சி, 13 ஆம்ப் பாயிண்ட் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். ஐஸ்பெட்டியும் ரைஸ் குக்கரும் சேர்ந்தால் ஆயிரம் வாட் பக்கம்தான் வரும், கெட்டிலோ ஏர் ஃப்ரையரோ கூட ஓடியதா என்று நினைத்துப் பாருங்கள். எனக்குச் சந்தேகம் பாயிண்டுக்குப் பின்னால். திருகாணி சரியாக முறுக்காமல் விட்டால் அந்த இடம் மெல்லச் சூடேறிக்கொண்டே இருக்கும், மாசக்கணக்கில் கூட. டிபி பாக்ஸில், அதாவது மெயின் சுவிட்ச் பெட்டியில், எந்த சுவிட்சும் விழாது, கரண்ட் கசிந்தால் மட்டும் அடைக்கும் ஆர்சிசிபிக்கு இது தெரியவே தெரியாது, அதனால் "டிரிப் ஆகவில்லையே, வயரிங் நல்லது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயரிங் வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேன்தான் செய்து, போராங் ஜி (வேலை முடித்த சான்று), போராங் எச் (சோதனைச் சான்று) கொடுக்க வேண்டும், 1994 மின்சார விதிமுறையில் இருக்கிறது. மச்சான் மகனிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். மீட்டர் வரைக்கும் டிஎன்பி (மின்சாரக் கம்பெனி) பொறுப்பு, அதற்கு இந்தப் பக்கம் வீட்டு வயரிங், அது வீட்டுக்காரர் கணக்கு. நீங்கள் சொருகிய சாமான் உங்கள் கணக்கு. தீ எதில் தொடங்கியது என்பதுதான் எல்லாம். போம்பாவிடம் தீ அறிக்கைக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

ரப்பர்மரம்:
இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டீர்களா? வீட்டுக்கு பேங்க் லோன் இருந்தால் தீ இன்சூரன்ஸ் பெரும்பாலும் இருக்கும். அதில் பணம் வாங்கிக்கொண்டு அதே நஷ்டத்தை உங்களிடமும் கேட்க முடியாது, ஆனால் தப்பு உங்கள் பக்கம் என்றால் கம்பெனி உங்களைத் தேடி வரலாம். டெபாசிட் 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட் சிறு வழக்கில் வக்கீல் இல்லாமலே போடலாம். தோட்டத்து வீடாக இருந்தால் கதையே வேறு, அங்கே தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 446 சட்டம் வந்துவிடும், பழுது பார்ப்பது தோட்ட நிர்வாகத்தின் வேலை.

சிப்புட்_மீனா:
அண்ணே, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பிளக் முன்பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது, பாயிண்டின் பின்பக்கம்தான் மெழுகு மாதிரி உருகிச் சுவரில் வழிந்திருக்கிறது. நாளைக் காலையில் ஆள் அனுப்பி எல்லாவற்றையும் கழற்றிச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போவதாக வீட்டுக்காரர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

வயர்மேன்_பேராக்:
இன்றிரவே படம் எடுங்கள், தள்ளி நின்று ஒன்று, கிட்டே போய் நாலு. கழற்றாதீர்கள், தொடவும் வேண்டாம். போம்பா அறிக்கை வரும் வரை அந்தச் சுவரில் கை வைக்க வேண்டாம் என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், போனில் சொல்லாதீர்கள்.